நானூற்று முப்பத்தாறு

துவான், உங்கள் போலீஸ் அறிக்கையில் ஒரு சொல் தவறாக இருக்கிறது. அதைத் திருத்திவிட்டுப் போகலாமென்றுதான் இந்த மழையில் வந்தேன். சட்டை நனைந்திருப்பதைப் பொருட்படுத்தாதீர்கள். தைப்பிங்கில் மழை விடட்டும் என்று காத்திருந்தால் ஒரு வேலையும் நடக்காது.

நகலை நேற்று கக் சல்பியா காட்டினார். இறந்தவரின் மனைவி என்று அவருக்கு ஒன்று கொடுத்திருக்கிறீர்கள். இரண்டாம் பக்கத்தில், 'இறந்தவர் காது மந்தமானவர் ஆதலால் ரயிலின் ஊதலைக் கேட்கவில்லை' என்று எழுதியிருக்கிறது. அந்தக் காது மந்தம்தான் தவறு. மற்றதெல்லாம் சரி. பெயர் மியோர் ஷாஹிடான், வயது ஐம்பத்திரண்டு, தொழில் கிடார் வாசிப்பு. இடம், கமுந்திங்கில் அவர் வீட்டுக்குப் பின்னால் கேட் இல்லாத தண்டவாளம். நேரம் காலை ஏழே முக்கால். உடனிருந்தவர் ஹனாபியா, அதாவது நான், அவர் வாயில் நாப்பி.

மேசைமேல் பிளாஸ்டிக் பையில் வைத்திருக்கிறீர்களே, அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்தது, அது மருத்துவச் சாமான் இல்லை. இசைக்கவை. பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார் மேசையில் தட்டிக் காதருகே காட்டுவாரே, அதுதான். தட்டினால் ஒரே ஒரு சுரம் சொல்லும். நொடிக்கு நானூற்று நாற்பது அதிர்வு. உலகத்தில் முக்கால்வாசிப் பேர் அந்தச் சுரத்தை வைத்துத்தான் சுருதி சேர்க்கிறார்கள். அதற்கு பேட்டரி கிடையாது, பொத்தான் கிடையாது. பொத்தான் இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

அபாங் மியோர் எனக்கு அண்ணன் மாதிரி. நான் அவர் கிடாரைப் பார்த்துக்கொள்கிறவன். பதினேழு வருடமாக அதுதான் என் வேலை. அவருடைய ரிம்பா காராட் ராக் குழு உங்களுக்கு நினைவிருக்கலாம். உங்கள் வயதுக்காரர்கள் அந்தக் காலத்தில் தலைமுடியை அவரைப் போல வளர்த்தார்கள். அவருடைய கிடாரின் பிரிட்ஜ், அதாவது கம்பிகள் வந்து முடிகிற இரும்புத் துண்டு, மற்ற கிடாரைப் போல மரத்தில் அறைந்து வைத்ததல்ல. இரண்டு ஆணி முனையில் தொக்கி நிற்கிறது. அதில் ஒரு கைப்பிடி இருக்கும். அமுக்கினால் சுரம் கீழே விழும், இழுத்தால் மேலே போகும். அழுகிற மாதிரியும் கேட்கும், குதிரை கனைக்கிற மாதிரியும் கேட்கும். ஜனங்கள் அதற்குத்தான் கைதட்டினார்கள்.

அதைச் சுருதியில் நிறுத்துவதுதான் பாடு. முன்பக்கம் ஆறு கம்பி இழுக்கும். பின்பக்கம் மூடிக்குள் மூன்று ஸ்பிரிங் எதிரே இழுக்கும். இரண்டும் சரிக்குச் சரியாக இருக்கும்வரை பிரிட்ஜ் மட்டமாக நிற்கும். நீங்கள் ஒரு கம்பியை முறுக்கினால் மற்ற ஐந்தும் இறங்கிவிடும். ஐந்தையும் ஏற்றினால் முதல் கம்பி இறங்கும். பொறுமையில்லாதவன் அரை மணி நேரத்தில் கிடாரைச் சுவரில் அடிப்பான். நான் மூன்று சுற்று போவேன், சில நாள் நான்கு. புதுக் கம்பி போட்டால் கையால் இழுத்து இழுத்து அதன் தளர்ச்சியை முதலிலேயே எடுத்துவிடுவேன். கம்பி உட்காருகிற பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்ப்பேன், சிக்காமல் வழுக்கட்டும் என்று. கடைசியில் கழுத்துப் பக்கம் கம்பிகளைப் பூட்டிவிடுவேன். அந்தப் பூட்டைத் திறக்கும் சின்ன ஆறுபட்டைச் சாவி எப்போதும் என் பையில்தான். அபாங்குக்கு அதைத் திருப்பக்கூடத் தெரியாது.

"நாப்பிக்குக் கல்யாணம் ஆகலன்னு எவன் சொன்னான்? அவன் என் கிடாரக் கட்டிக்கிட்டான். நான் சும்மா வாடகைக்கு வாங்கி வாசிக்கிறேன்" என்று எல்லோர் முன்னாலும் கிண்டல் செய்வார். நானும் சிரிப்பேன். எனக்கு அது பிடித்திருந்தது.

போன செப்டம்பரில் அவர் ஈப்போ போய் வேறொரு கிடார் வாங்கி வந்தார். பிரிட்ஜ் அறைந்து வைத்த சாதாரண கிடார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"பாரு நாப்பி, நேத்து காலையில சுருதி சேத்தேன். நானே. இன்னும் அசையல. இந்தக் கைப்பிடியெல்லாம் இருபது வயசுப் பசங்களுக்குடா. எனக்கு இது போதும்."

"நல்லா இருக்கு அபாங்" என்றேன்.

"ஆகஸ்டுல ஈப்போவுல எல்லாரும் சேந்து வாசிக்கப்போறோம்ல, அதுக்கும் இதான். உன் உயிர வாங்க மாட்டேன் இனிமே."

நல்ல மனசோடு சொன்னார். அறைந்த பிரிட்ஜ் வைத்த கிடாருக்கு ஆள் தேவையில்லை. அந்தக் கிடாரின் பக்கத்தில் நான் பெட்டி தூக்குகிறவன் மட்டும்தான். ஆனாலும் துவான், அன்று நான் ஒன்றும் செய்யவில்லை. தொடக்கம் தற்செயல் என்பதைத் தட்டச்சு செய்கிற அந்தத் தம்பி விடாமல் அடிக்கட்டும்.

சுருதி பார்க்க நான் ஒரு ட்யூனர் வைத்திருக்கிறேன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. கம்பி சரியாக இருந்தால் பச்சை விளக்கு, விலகினால் சிவப்பு. எதைச் சரி என்று வைத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் ஒரு பொத்தானால் மாற்றலாம். மூலையில் பொடி எழுத்தில் 440 என்று நிற்கும். இரும்புச் சாமானோடு ஒரே பையில் போட்டால் அந்தப் பொத்தான் தானாக அமுங்கும். இந்தத் தொழிலில் எல்லோரும் ஒருமுறையாவது இதில் ஏமாந்திருப்பார்கள்.

பழைய கிடாரை விற்குமுன் புதுக் கம்பி போட்டுக் கொடு என்றார். போட்டேன், பச்சை விளக்கு பார்த்துப் பூட்டினேன், கொடுத்தேன். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. தனியாக இருக்கும்போது குழுவின் பழைய பாட்டு சிடியை ஓடவிட்டுத் தன்னோடு தானே சேர்ந்து வாசிப்பார். நான் வராந்தாவில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே வாசிப்பு நின்றது. மறுபடி தொடங்கியது, மறுபடி நின்றது.

"நாப்பி, இங்க வா. இது இறங்கிருக்கே?"

ட்யூனரை வைத்துக் காட்டினேன். ஆறு கம்பிக்கும் பச்சை.

"இல்லடா, இறங்கிருக்கு. உனக்குக் கேக்கல?"

எனக்கும் கேட்டது. ஆனால் விளக்கு பச்சையாக இருந்ததால் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். அந்த ஒரு நிமிடம் நான் பேசாமல் நின்றதுதான் எல்லாம். அவர் முகம் வெளிறியது. கட்டிலில் உட்கார்ந்து இரண்டு காதையும் மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். முப்பது வருடம் அந்தப் பெரிய ஒலிபெருக்கிகளுக்கு முன்னால் நின்றவர்களுக்கு இந்தப் பயம் எப்போதும் அடிவயிற்றில் இருக்கும்.

"போயிருச்சா? என் காது போயிருச்சா நாப்பி?" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் புதுசைத் திருப்பிக் கொடுத்துறேன். காது இல்லாம நானே எப்படிச் சுருதி சேப்பேன்? நீதான்டா பாக்கணும்."

வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் மூலையில் 436 என்று இருந்தது. நான்கு அதிர்வு குறைவு. சாதாரண ஆளுக்கு ஒன்றும் தெரியாது. அவர் முதல் சுரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். அப்படிப்பட்ட காது அது. எனக்குப் பெருமையாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். மறுநாள் போய்ச் சொல்லிவிட வேண்டுமென்று நினைத்தேன். போனபோது புதுக் கிடார் கடைக்குத் திரும்பிப் போயிருந்தது, எனக்குக் கோப்பி ஓ கலந்து வைத்திருந்தார், வாசலிலேயே நின்று, "வந்துட்டியா" என்றார். சொல்லவில்லை.

அதன் பிறகு தற்செயல் இல்லை. மேடையில் வாசிக்கும் நாளில் 440 வைப்பேன். மற்றவர்கள் சரியாக இருக்கிறது என்பார்கள், அவர், "அந்தச் சத்தத்துல எனக்கு என்ன கேட்டுச்சு? கை போன போக்குல வாசிச்சேன்" என்பார். வீட்டில் 436. சில நாள் பின்மூடியைத் திறந்து ஸ்பிரிங்கைப் பிடிக்கும் திருகைக் கால் சுற்று தளர்த்துவேன். ஆறு கம்பியும் இன்னும் கொஞ்சம் இறங்கும், ட்யூனரையும் அதற்கேற்ப இறக்கி வைப்பேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்ப்பார். நான் பச்சை விளக்கைக் காட்டுவேன். ஒருநாள் பிடிவாதமாகத் தானே சேர்க்கிறேன் என்றார். பூட்டைத் திறந்துவிட்டேன். இருபது நிமிடம் தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டு, இம்மி பிசகாமல் சேர்த்தார். ட்யூனரை வைத்தேன். ஆறும் சிவப்பு. அதற்குப் பிறகு அவர் கேட்கவேயில்லை.

அவரை வதைக்க வேண்டுமென்று நான் நினைத்ததே இல்லை. ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. தினமும் போனேன், மழையிலும் போனேன். நோன்பு மாதத்தில் நோன்பு திறக்க அவர் வீட்டிலேயே உட்கார்ந்தேன். கூடப் பிறந்த தம்பிகூட அப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டான் என்று கக் சல்பியாவே சொல்வார், கேட்டுப் பாருங்கள்.

ஜனவரியில் புது மெட்டுப் போடுவதை நிறுத்தினார். ஆகஸ்டுக்கு வேறு ஆளைப் பாருங்கள் என்று குழுவுக்குச் சொல்லிவிட்டார். அது எனக்கும் இழப்புதான், மேடை எனக்கும் பிடிக்கும். கக் சல்பியாவுக்கு அடுப்படியில் பாடிக்கொண்டே வேலை செய்கிற வழக்கம். ஒருநாள் அபாங் உள்ளே போய், "நீ பாடுறது விலகுதா, இல்ல என் காதான்னு தெரியல சல்பியா" என்றார். அவர் கரண்டியை வைத்துவிட்டு, "பாடாட்டி என்ன, கொழம்பு கொதிக்காதா?" என்று சிரித்துச் சமாளித்தார். அப்புறம் அந்த வீட்டில் பாட்டு இல்லை. பக்கத்துத் தொழுகைக் கூடமான சூராவில் வெள்ளிக்கிழமை பாங்கு சொல்வது அபாங்தான். அந்தக் குரலுக்காகவே அடுத்த தாமான் வீடுகளிலிருந்து ஆட்கள் வருவார்கள். அதையும் விட்டுவிட்டார். சுருதி விலகி அல்லாவின் பெயரைச் சொல்ல நாக்கு வரவில்லை என்றார். அதைக் கேட்டபோது எனக்கு வேதனையாக இருந்தது. அன்றைக்கு ட்யூனரை 438 ஆக்கினேன். இரண்டு நாள் அப்படியே வைத்திருந்தேன்.

பிறகு அவர் எல்லாவற்றையும் என்னிடம் கேட்க ஆரம்பித்தார். டெலிபோன் அடிக்கிறதா, வாசலில் யாரோ சலாம் சொன்னார்களா, மழை விட்டுவிட்டதா. காது நன்றாகக் கேட்டது துவான், கேட்டதைத்தான் நம்பவில்லை. காலையில் தண்டவாளத்தைக் கடந்து எதிரே மாமாக் கடைக்கு ரொட்டி சானாய் சாப்பிடப் போவோம். ரப்பர் மரங்களுக்கு அப்பால் வளைவு இருப்பதால் ரயில் கண்ணுக்குத் தெரியாது, ஊதலை வைத்துத்தான் கடக்க வேண்டும். முன்பெல்லாம் பேசிக்கொண்டே தானாக நிற்பார், தானாகக் கடப்பார். இப்போது விளிம்பில் நின்று, "நாப்பி, வருதா?" என்பார். வந்தால் வருகிறது என்பேன். இல்லையென்றால் இல்லை என்பேன். ஏறத்தாழ மூன்று மாதம், தினமும், ஒருநாளும் பொய் சொன்னதில்லை. இதையும் அந்தத் தம்பி அடிக்கட்டும்.

இந்த மாதம் முதல் வாரம் கக் சல்பியா அவரை இழுத்துக்கொண்டு ஈப்போவுக்குப் போனார், காது மருத்துவரிடம். என்னிடம் சொல்லாமல் போனார்கள். மாலையில் அபாங் நேராக என் வீட்டுக்கு வந்தார், தலையெல்லாம் மழை.

"முப்பத்தஞ்சு வயசுக்காரன் காதாம்டா! அந்த டாக்டரம்மா ரெண்டு தடவ சோதிச்சுப் பாத்தாங்க. மேடையில நின்னவனுக்கு இப்படிக் காதான்னு அவங்களே ஆச்சரியப்படுறாங்க."

"அல்ஹம்துலில்லா" என்றேன்.

"அப்ப அது என்னன்னு யோசிச்சுக்கிட்டே வந்தேன். அவங்க ஒரு கவைய தட்டித் தட்டி வெச்சாங்க. நம்ம சுரத்துக்கும் ஒண்ணு இருக்குல்ல? கடையில வாங்கிட்டேன்."

சட்டைப் பையிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். தட்டவில்லை. "பயமா இருக்குடா. இதுவும் எனக்கு விலகிக் கேட்டா அப்புறம் மூளையிலதான் கோளாறு. நாளைக்குக் காலையில ரொட்டி சாப்ட்டுட்டு வந்து, கிடாரப் பக்கத்துல வெச்சுத் தட்டுவோம். நீ கூட இருக்கணும். நீ இல்லாம தட்ட மாட்டேன்."

இங்கே நீங்கள் ஒன்று கேட்பீர்கள். விடிந்ததும் அவர் வீட்டுக்குப் போய்க் கிடாரை 440-க்குச் சேர்த்துவிட்டால் போதுமே, கவையும் கிடாரும் ஒன்றாய்ச் சொல்லும், யாருக்கும் எதுவும் தெரியாதே என்று. நானும் அதைத்தான் நினைத்தேன். ஏழு மணிக்கே போனேன். அவர் குளித்துக்கொண்டிருந்தார். கிடாரை மடியில் வைத்துப் பூட்டைத் திறந்தேன். மூன்று சுற்று போனேன். பச்சை விளக்கு, மூலையில் 440. என் கையால் செய்ததிலேயே சுத்தமான சுருதி அது. பூட்டிப் பெட்டியில் வைத்துவிட்டு, அவரோடு நிம்மதியாகத்தான் வெளியே வந்தேன்.

தண்டவாளத்துக்குப் போகும் வழியில் அவர் பேசிக்கொண்டே வந்தார். அத்தனை நாளில் அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"எனக்கு மனசு சொல்லுது, காது சரியாத்தான் இருக்கு. சும்மா பயந்துட்டேன். மனுசன் பயந்தா என்ன வேணா ஆகும்ல?"

"ஆமா அபாங்."

"கவை சரியாச் சொல்லிருச்சுன்னா, மத்தியானமே ஈப்போ போறேன். அந்தக் கிடாரே கடையில இன்னும் இருக்காம், கேட்டுட்டேன். பழசை வித்துறலாம். பதினேழு வருசம் அதோட மாரடிச்சிட்டே, போதும்டா நாப்பி. நீ இனிமே ஓய்வா இரு. உனக்கு நான் ஒண்ணுமே செய்யல, இதயாவது செய்றேன்."

விளிம்புக்கு வந்திருந்தோம். தூறல்தான், பெரிய மழை இல்லை. இரைச்சலில் கேட்கவில்லை என்று நான் முன்பு சொன்னதையும் திருத்திவிடுங்கள். சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்தேன் என்றதும் பொய், அன்று நான் செருப்புதான் போட்டிருந்தேன். ரப்பர் மரங்களுக்கு அப்பால் ஊதல் கேட்டது. ரயில் ஓட்டுநர் இரண்டு முறை ஊதினதாகச் சொல்லியிருக்கிறார், அது சரி. முதல் ஊதலிலேயே அபாங் நின்றார். அவர் கால் தானாகப் பின்னால் வந்தது, நான் பார்த்தேன். பிறகு பழக்கம். என் பக்கம் திரும்பினார்.

"நாப்பி, ஊதுச்சா? எனக்கு ஊதுன மாதிரி இருக்கு."

அவர் முகத்தில் அந்தப் பழைய வெளிறல் இருந்தது. நான் எத்தனையோ முறை ட்யூனரைக் காட்டிய அதே முகம். எனக்குப் பதில் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"ஒண்ணுமில்ல அபாங்" என்றேன். "நடங்க."

மாமாக் கடைக்காரர் நான் கையை நீட்டியதைப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். அபாங்கைப் பிடித்து இழுக்கத்தான் நீட்டினேன் என்று நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். இல்லை. வழி காட்டினேன்.

இனி அந்தக் கவையைப் பையிலிருந்து எடுத்து மேசை விளிம்பில் ஒருமுறை தட்டிப் பாருங்கள். அவர் வீட்டில் பெட்டிக்குள் கிடார் இருக்கிறது. நான் பூட்டிய பிறகு யாரும் தொடவில்லை. இரண்டும் ஒன்றாகத்தான் சொல்லும். நான் பார்த்துக்கொண்ட கிடார், வேறு மாதிரி சொல்லாது.

அதனால் 'காது மந்தம்' என்பதை அடித்துவிடுங்கள். கக் சல்பியா அதைப் படித்துப் படித்து அழுகிறார், மருத்துவர் நன்றாக இருக்கிறது என்றாரே, அப்புறம் ஏன் கேட்கவில்லை என்று. அபாங் ஊதலைக் கேட்டார். எனக்கு முன்னாலேயே கேட்டார். தன் காதில் விழுந்ததை விட்டுவிட்டு என் வார்த்தையை நம்பிக் காலெடுத்து வைத்தார். பதினேழு வருட வேலையில் எனக்கு யாரும் அவ்வளவு பெரிய மரியாதை செய்ததில்லை, துவான்.